கேதார்காந்தா முடிச்சு அவுலியில ஸ்கீ: ஒரே பைக்குள்ள என்னென்ன துணி?

காரமடைக்காரன்:
வணக்கமுங்க. ஜனவரி கடைசி வாரம் நானும் தங்கச்சியும் உத்தராகண்ட்ல கேதார்காந்தா பனிமலை டிரெக் போறோம். அடிவார ஊரு சாங்க்ரியில இறங்கி டேராடூன் வந்ததும் அப்படியே அவுலிக்குப் போய் ஏழு நாள் ஸ்கீ (பனிச்சறுக்கு) கோர்ஸ். ரெண்டுக்கும் ஆளுக்கு ஒரே பைதான். நாங்க பார்த்த அதிகபட்சக் குளிர் ஊட்டி, கோத்தகிரி, மூணாறு. அவ்வளவுதானுங்க.

கையில இருக்கறது: ஊட்டியில வாங்குன பஞ்சு வெச்ச ஜெர்கின் ஒண்ணு, ஒப்பணக்கார வீதியில வாங்குன தெர்மல் ரெண்டு செட்டு, அம்மா பின்னுன கம்பளி ஸ்வெட்டர், ஜீன்ஸ், மங்கி கேப். டிரெக் கூட்டிப் போறவங்க அனுப்புன பட்டியல்ல "பகல்ல 3 லேயர், உச்சி நாளுக்கு 5 லேயர்"னு போட்டிருக்கு. எதுக்கு மேல எதுன்னு இல்லை. கடையில கேட்டா எதைத் தொட்டாலும் "மைனஸ் பத்து தாங்கும் சார்"ங்கறாங்க. ஸ்கீக்கும் இதே துணி போதுமா, இல்ல தனியா வாங்கணுமா?

சும்மா_வந்தவன்:
5 லேயரா? போட்டுட்டு எப்படிங்க கையை மடக்குறது?

மலைக்குருவி:
காரமடை அண்ணா, எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளி வைங்க. எந்த ஜெர்கினும் சூடு தராது. சூட்டை உற்பத்தி பண்றது உங்க உடம்பு. துணியோட வேலை, உடம்பைச் சுத்தி அசையாத காத்தைப் பிடிச்சு வைக்கிறது. அந்தக் காத்து இருக்க வேண்டிய இடத்துல வேர்வை புகுந்துட்டா கதை முடிஞ்சுது. அசையாத காத்தைவிடத் தண்ணி ஏறத்தாழ 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். பனிமலையில முதல் எதிரி பனி கிடையாது, நம்ம முதுகுல ஊறுற வேர்வைதான்.

உங்க பாதையை வெச்சே சொல்றேன். சாங்க்ரி ஏறக்குறைய 6,400 அடி, உச்சி 12,500 அடி. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினா சராசரியா 6.5 டிகிரி குறையும்னு வெச்சுக்கிட்டா, கீழேயும் மேலேயும் ஒரே நேரத்துல 12 டிகிரி வித்தியாசம். ஆனா முதல் நாள் பகல்ல, வெயில் அடிக்கும்போது, பையோட பைன் காட்டுக்குள்ள ஏறுறப்போ ஒரே ஒரு முழுக்கை டிஷர்ட்லதான் நடப்பீங்க. நம்ப மாட்டீங்க, போய்ப் பாருங்க. குளிர் பிடிக்கிறது முகாமுக்கு வந்து நின்ன பிறகு. முகாம் போடுற ஜுடா கா தலாப் ஏரிக்கரையில சூரியன் முகட்டுக்குப் பின்னால போன கையோட டெம்பரேச்சர் சரசரன்னு இறங்கும். அந்த நேரத்துல தடிச்ச ஜாக்கெட் பையோட அடியில மாட்டிக்கிட்டு இருந்தா, அதைத் தோண்டி எடுக்கிறதுக்குள்ள நடுக்கம் வந்துடும். அதனால அது எப்பவும் பையோட மேல்வாயில இருக்கணும்.

என் கணக்கு மூணு வேலை. தோலோட ஒட்டுற துணி வேர்வையை வெளிய தள்ளணும். நடுத்துணி காத்தைப் பிடிக்கணும். வெளித்துணி காத்தைத் தடுக்கணும். இது போக, நிக்கும்போது மட்டும் எல்லாத்துக்கும் மேல போடுற தடி ஜாக்கெட் ஒண்ணு. அஞ்சு லேயர்னு அவங்க சொல்றது உச்சி நாள் விடியக்காலை மூணு மணிக்கு. அப்பகூட நடக்க ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துல ரெண்டைக் கழட்டுவீங்க.

பனியன்_கம்பெனி:
திருப்பூருங்க. துணி பத்தி மட்டும் பேசறேன், மலை பத்தி அக்கா சொல்லிட்டாங்க.

அந்த "தெர்மல்" செட்டை எடுத்து உள்பக்கம் லேபிளைப் பாருங்க. நம்மூர்க் கடையில தெர்மல்னு விக்கறதுல பெரும்பாலும் காட்டன், இல்லாட்டி காட்டன் பாலியஸ்டர் கலந்து நடுவுல பஞ்சு வெச்சுத் தெச்சது. டெல்லியில வீட்டுக்குள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு அது அருமையான துணி. மலை ஏறறவங்களுக்கு ஆகாது. நூல் வியாபாரத்துல மாய்ஸ்சர் ரீகெய்ன்னு ஒரு கணக்கு உண்டு, சாதாரணக் காத்துலயே நூல் எவ்வளவு ஈரத்தை இழுத்து வெச்சுக்கும்னு. காட்டன் 8.5 சதம், பாலியஸ்டர் 0.4. இந்த ரெண்டு நம்பர்லயே விஷயம் முடிஞ்சுது. காட்டன் வேர்வையை நூலுக்குள்ளயே குடிச்சுக்கும், விடாது. பாலியஸ்டர் குடிக்காது, நூலுக்கு இடையில இருக்கற சந்து வழியா வெளிப்பக்கம் ஏத்தி விட்டுடும். அதுக்குன்னு ஃபினிஷ் அடிச்ச துணியும் இங்கயே ஓடுது. ஃபுட்பால் ஜெர்ஸி மாதிரி மெல்லிசு முழுக்கை டிஷர்ட் 250, 300 ரூபாய்க்குக் கிடைக்கும். "டிரை ஃபிட்"னு பேரு பார்த்து வாங்காதீங்க, பாலியஸ்டர் எத்தனை சதம்னு பார்த்து வாங்குங்க.

இப்ப யாராச்சும் "கம்பளி ரீகெய்ன் 16 சதம் ஆச்சே, அது எப்படி நல்லது"ன்னு கேப்பீங்க. கேக்கலாம். கம்பளி ஈரத்தை ஆவியா இருக்கறப்பவே நாருக்குள்ள இழுத்துக்கும், இழுக்கும்போது கொஞ்சம் சூட்டையும் விடும், தோல்ல படற மேற்பரப்பு காஞ்ச மாதிரியே இருக்கும். நாரு சுருண்டு சுருண்டு இருக்கறதால நனைஞ்சாலும் படுத்துக்காது, காத்து உள்ள நிக்கும். குத்தறது எல்லாம் தடி நாரு. மெரினோ ஆட்டுக் கம்பளி மாதிரி நாரு தடிமன் 18 மைக்ரான் பக்கம் வந்துட்டா குத்தாது. விலை மட்டும் குத்தும்.

சம்பந்தமில்லாத ஒரு தகவல்: நீலகிரி சாண்டிநல்லாவுல ஆட்டுப் பண்ணை ஒண்ணு இருக்கு. நீலகிரி ஆட்டையும் மெரினோவையும் சேர்த்து சாண்டினோன்னு ஒரு இனமே உண்டாக்குனாங்க. நம்ம பக்கத்துலயே மெரினோ ரத்தம் ஓடுது, டிஷர்ட் மட்டும் நியூசிலாந்துல இருந்து வருது.

காரமடைக்காரன்:
லேபிள் பார்த்தேனுங்க. 60 காட்டன், 40 பாலியஸ்டர். தூக்கிப் போட்டுடறதா?

பனியன்_கம்பெனி:
ஏனுங்க தூக்கிப் போடறீங்க. டென்ட்ல தூங்கறதுக்குன்னு மட்டும் வெச்சுக்குங்க. நடக்கறப்ப போடக்கூடாது, அவ்வளவுதான்.

ஒஸ்லோவில்_ஒருவன்:
தம்பி, நான் நோர்வேயில கனகாலமா இருக்கிறன். ஸ்கீ எண்டு எல்லாரும் ஒரே சொல்லில சொல்லுகினம், ஆனா அதில ரெண்டு வகை உடுப்பு இருக்கு. இஞ்ச எங்கட ஆக்கள் பழகிறது காட்டுப் பாதையில தட்டையா ஓடுற ஸ்கீ. ஞாயிறு காலம மெட்ரோவில பாத்தீங்கள் எண்டா பாதிப்பேர் ஸ்கீயும் கையுமா ஃப்ரொக்னர்செத்தரனுக்குப் போவினம், அங்கயிருந்து நூர்ட்மார்க்கா காட்டுக்குள்ள இறங்குவினம். அதில வேர்க்கிற வேர்வை ஓட்டப்பந்தயத்தில வேர்க்கிற மாதிரி. மைனஸ் பத்திலயும் மெல்லிய கம்பளி உள்ளுடுப்பு, அதுக்கு மேல காத்துத் தடுக்கிற மெல்லிய ஜக்கெற், அவ்வளவுதான் போடுறம். மற்றது மலையில இருந்து சறுக்கி இறங்குறது. அதில நீங்கள் கதிரை லிஃப்டில அசையாமக் குந்தியிருப்பீங்கள், பிறகு இறங்கேக்க காத்து முகத்தில அறையும். அதுக்குத்தான் தடிச்ச உடுப்பு.

இஞ்ச பிள்ளையளைப் பாலர் பாடசாலையில சேர்க்கேக்க முதல் கேக்கிறது கம்பளி உள்ளுடுப்புத்தான். மாத்துறதுக்கும் ஒரு செட் குடுத்துவிடச் சொல்லுவினம். பஞ்சு உடுப்புப் போட்டு அனுப்பினா ரீச்சர் பின்னேரம் மெல்லமா ஒரு வார்த்தை சொல்லுவா.

இன்னொண்டு. வலை உள்பனியன் எண்டு ஒண்டு இருக்கு. பாத்தா மீன் வலை மாதிரி. பகிடியில்லை, 1933இல ஹென்றிக் புருன் எண்ட நோர்வே இராணுவ அதிகாரி மீன் வலையை வெட்டித்தான் முதல் செய்தவர். ஓட்டைக்குள்ள காத்து நிக்கும், வேர்வை தோலில தங்காது. 1953 எவரெஸ்ட் ஏறின குழுவும் வலைப் பனியன் போட்டது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டில திரிஞ்சா மனிசி சிரிப்பா, ஆனா வேலை செய்யும்.

கரோல்பாக்:
எல்லாரும் வேர்வை வேர்வைன்னு பயமுறுத்துறீங்க. காஷ்மீர் குல்மார்க்ல ரெண்டாம் கட்ட கோண்டோலா (கேபிள் கார்) 13,000 அடிக்குக் கொண்டு போய் விடும். மேல காத்து எப்படி இருக்கும்னு தெரியுமா? அங்க மெல்லிசு டிஷர்ட் கதை எடுபடாது. டவுன் (இறகு அடைச்ச) ஜாக்கெட்டும் அதுக்கு மேல ஷெல்லும் (காத்தும் தண்ணியும் புகாத வெளிச்சட்டை) இல்லாம நான் கதவைத் தாண்டி வரமாட்டேன். குளிர்ல நடுங்கினவன் யாரும் "நிறைய போட்டுட்டேனே"ன்னு வருத்தப்பட்டது கிடையாது.

மலைக்குருவி:
கரோல்பாக் சார், கோண்டோலாவுல உக்காந்து மேல போறவங்களுக்கு நீங்க சொல்றது சரி. காத்து விஷயமும் சரி. மைனஸ் 10ல மணிக்கு 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா தோலுக்கு மைனஸ் 20 மாதிரி இருக்கும். ஸ்கீல இறங்கும்போது அந்தக் காத்தை நாமே உண்டாக்கிக்கிறோம்.

ஆனா கேள்வி கேட்டவர் போறது அவுலிக்கு, அதுவும் முதல் தடவை கத்துக்க. கோர்ஸ்ல முதல் மூணு நாள் என்ன நடக்கும்? ஸ்கீயைக் காலில் மாட்டிக்கிட்டு பக்கவாட்டுல படி ஏறுற மாதிரி சரிவுல ஏறணும், பத்து மீட்டர் சறுக்கணும், விழணும், எழுந்து மறுபடி ஏறணும். சறுக்கிற நேரம் நொடிக்கணக்கு, ஏறுற நேரம் நிமிஷக்கணக்கு. ஆரம்பக்காரனுக்கு லிஃப்ட் எல்லாம் பிறகுதான். அதனால அவங்க உடுப்பு ஒஸ்லோ அண்ணன் சொன்ன முதல் வகைக்குத்தான் பக்கம். ஒரே வித்தியாசம், இவங்க நாள் முழுக்கப் பனியில உக்கார்ந்து எழுந்துகிட்டே இருப்பாங்க. மேல மெல்லிசு, கீழ வாட்டர்ப்ரூஃப் பேன்ட். காசு செலவழிக்கணும்னா அந்தப் பேன்ட்லயும் கையுறையிலயும் செலவழிங்க.

கரோல்பாக்:
ஆரம்பக்காரங்கன்னு கவனிக்கலை. பேன்ட் விஷயத்துல முழுசா ஒத்துக்கறேன். ஆனா தடி ஜாக்கெட்டைப் பையில வெச்சே ஆகணும்ங்கறதுல நான் மாற மாட்டேன். பயிற்சியாளர் ஒவ்வொருத்தனுக்கா சொல்லிக் கொடுக்கும்போது மத்த பதினஞ்சு பேர் வரிசையில நிப்பான். அங்கதான் உறையும்.

மலைக்குருவி:
அதுல சண்டையே இல்லை சார் 🙂

காரமடைக்காரன்:
அப்ப டவுனா, சிந்தெடிக்கா? டவுன்ல 600, 700, 800ன்னு நம்பர் போட்டிருக்கு. மேல போடற ஷெல்லுல 5,000, 10,000, 20,000ன்னு இருக்கு. நம்பரைப் பார்த்தாலே பர்ஸ் வேர்க்குதுங்க.

பனியன்_கம்பெனி:
டவுன் நம்பர்ங்கறது ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் இறகு எத்தனை கன அங்குலத்துக்கு உப்பி நிக்கும்ங்கறது. 800னா கம்மி எடையில அதிகமா உப்பும். அது சூட்டோட அளவு இல்லைங்க, எடைக்கு எவ்வளவு உப்புதுங்கற அளவு. உள்ள எத்தனை கிராம் நிரப்பியிருக்குன்னு பார்க்காம வெறும் 800ஐ மட்டும் பார்த்து வாங்குனா ஏமாந்துருவீங்க. 600ல நிறைய நிரப்புனது 800ல கொஞ்சமா நிரப்புனதைவிடச் சூடா இருக்கும், எடைதான் கூட. டவுன் நனைஞ்சா உப்பறது நின்னு போயி உருண்டை உருண்டையா ஒட்டிக்கும். சிந்தெடிக் நனைஞ்சாலும் ஓரளவு தாங்கும், துவைக்கறதும் சுலபம்.

ஷெல்லுல முதல் நம்பர், துணி மேல எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணித் தூண் நின்னா ஒழுகாம தாங்கும்ங்கறது. 10,000னா பத்து மீட்டர் உயரம். ரெண்டாவது நம்பர், 24 மணி நேரத்துல ஒரு சதுர மீட்டர் வழியா எத்தனை கிராம் ஆவி வெளிய போகும்ங்கறது. இந்த ரெண்டாவதை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு முறையில சோதிப்பாங்க, அதனால ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட முடியாது. கோர்-டெக்ஸ்ங்கற வாட்டர்ப்ரூஃப் சவ்வு வந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், 1969ல பாப் கோர் டெஃப்லானை வெடுக்குன்னு இழுத்தப்ப கிடைச்ச சவ்வு, 1970கள்ல இருந்து ஜாக்கெட்டா வருது. சவ்வு எவ்வளவு நல்லதா இருந்தாலும் வெளித்துணி தண்ணியைக் குடிச்சு ஊறிருச்சுன்னா ஆவி வெளிய போறது அடைச்சுக்கும். அக்குள்ல ஜிப் வெச்சதா பார்த்து வாங்குங்க. ரெண்டாவது நம்பரைவிட அந்த ஜிப்புதான் உபயோகம்.

மலைக்குருவி:
கேதார்காந்தாவுக்கு மட்டும்னா 2,000 ரூபாய்க்குள்ள ஒரு விண்ட்சீட்டர் போதும். மைனஸ்ல விழுற பனி காஞ்ச மாவா இருக்கும், தட்டினா உதிரும், நனைக்காது. அவுலியில மதிய வெயில்ல பனி இளகும், அங்க வாட்டர்ப்ரூஃப் வேணும். ரெண்டும் சேர்த்துப் போறதால ஒரே ஷெல்லா, 10,000 போட்டதா எடுத்துக்கங்க. நடுத்துணிக்கு சாதாரண ஃப்ளீஸ் (பொசுபொசுன்னு இருக்கிற பாலியஸ்டர் சட்டை). டெக்கத்லான்ல கிடைக்கிற மெல்லிசு ஃப்ளீஸ் ரெண்டு வாங்கினா, ஒரு தடி ஃப்ளீஸைவிட உபயோகம் அதிகம், ஒண்ணைக் கழட்டி ஒண்ணை வெச்சுக்கலாம். ஃப்ளீஸ் காத்தை வடிகட்டாம விட்டுடும்ங்கறதை மட்டும் மறக்காதீங்க, மேல ஷெல் இல்லாம முகட்டுல அதால ஒண்ணும் ஆகாது.

உங்க ஊட்டி ஜெர்கினை நிக்கிறப்போ போடுற தடி ஜாக்கெட்டா வெச்சுக்கலாம். எடைதான் கொஞ்சம் கூட. அது இருக்கும்போது டவுன் வாங்கவே வேண்டாம்னு சொல்வேன்.

முன்னாள்_சிப்பாய்:
தம்பி, நான் பட்டாளத்துல இருந்து ஓய்வு வாங்கியவன். சியாச்சின் பக்கமும் பார்த்தாச்சு. நீங்க எல்லாரும் உடம்பைப் பத்திப் பேசுறீங்க, பட்டாளத்துல எங்களுக்கு முதல் பாடம் கை, கால்.

உடம்பு குளிர்ந்தா கை கால் ரத்தத்தைத்தான் முதல்ல குறைக்கும், நடுவுல இருக்கிற உறுப்பைக் காப்பாத்த. அதனால கை சில்லுன்னு ஆனா கையுறையை மட்டும் மாத்தாதே, தலையையும் நெஞ்சையும் மூடு. சாக்ஸ் மேல சாக்ஸ் போட்டு ஷூவுக்குள்ள திணிக்காதே. இறுக்கினா ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடலைன்னா எத்தனை சாக்ஸ் போட்டும் பிரயோஜனம் இல்லை. ஷூவுக்குள்ள விரலை ஆட்ட முடியணும். கையுறையில அஞ்சு விரலும் தனித்தனியா இருக்கிறதைவிட, நாலு விரலும் ஒண்ணா இருக்கிற வகை சூடு. உள்ளே மெல்லிசு ஒண்ணு, வெளியே தடிப்பு ஒண்ணு. போட்டோ எடுக்கிறப்போ வெளியுறையைக் கழட்டி வாயில கவ்வுவான், காத்துல பறந்து போகும். ஒரு கயிறு கட்டி மணிக்கட்டுல மாட்டிக்க.

விரல் நுனி வெள்ளையாகி மரத்துப் போச்சுன்னா உடனே சொல்லணும், வெக்கப்படாதே. பனியை வெச்சுத் தேய்க்கிறது, நெருப்புல காட்டுறது ரெண்டும் கூடாது. அக்குள்ல வெச்சுச் சூடு பண்ணு.

ரம் அடிச்சா சூடாகும்னு ஒருத்தன் கண்டிப்பா வந்து சொல்லுவான். ரம் தோலுக்கு ரத்தத்தை ஓட விடும், அதனால சூடா இருக்கிற மாதிரி தோணும், உள்சூடு வெளிய போயிடும். கேன்டீன் ரம்மைப் பத்தி எனக்கே பாடம் எடுக்க வேணாம்.

சும்மா_வந்தவன்:
ஐயா, நான் வாயே திறக்கலை.

ஒஸ்லோவில்_ஒருவன்:
ஐயா சொன்னதில ஒண்டு சேர்க்கிறன். ஸ்கீச் சப்பாத்துக்குள்ள ஒரேயொரு மேஸ் (சாக்ஸ்) சோடிதான், அதுவும் மெல்லியது, முழங்கால் வரைக்கும். உள் காற்சட்டையின்ர கீழ்நுனியைச் சப்பாத்துக்குள்ள விடாதேங்கோ. தையல் மடிப்புக் கணுக்காலில அமத்தி ரெண்டாம் நாளே புண் வரும். முக்கால் நீள உள் காற்சட்டை விக்கிறது இதுக்காகத்தான். இல்லாட்டி உங்கட பாலியஸ்டர் காற்சட்டையை முழங்காலுக்குக் கீழ மடிச்சு விடுங்கோ.

காரமடைக்காரன்:
அண்ணன் ஐடியில இருந்து தங்கச்சி பேசறேன். மலைக்குருவி அக்காகிட்ட ஒரு கேள்வி. மேல பாலியஸ்டர், ஃப்ளீஸ் எல்லாம் சரி. உள்ளாடையைப் பத்தி எந்தப் பட்டியலும் பேச மாட்டேங்குது. அதுவும் காட்டன்தானே?

மலைக்குருவி:
சரியான கேள்விமா. பட்டியல் எழுதுறவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. காட்டன் பிரா வேர்வையில நனைஞ்சா நடு நெஞ்சுலயும் முதுகுலயும் ஈரப்பட்டை மாதிரி நாள் பூரா குளிரும், மேல எவ்வளவு நல்ல துணி போட்டாலும். பேடு வெச்சது இன்னும் மோசம், காயவே காயாது. பேடு இல்லாத பாலியஸ்டர் அல்லது நைலான் ஸ்போர்ட்ஸ் பிரா ரெண்டு. கொக்கி பின்னால இல்லாததா பார், பை பட்டை அழுத்தும். ஜட்டியும் அதே மாதிரி. பீரியட்ஸ் தேதி அந்தப் பக்கம் வந்தா பயன்படுத்தினதைப் போட்டு எடுத்து வர ஜிப் கவர் எடுத்துக்க, மலையில விட்டு வரக்கூடாது. கழிப்பிட டென்டுக்கு ராத்திரி போகும்போது ஜிப்பும் நாடாவும் அவிழ்க்கிறதே பெரும்பாடு, அதனால தூங்குற பேன்ட் எலாஸ்டிக்கா இருக்கட்டும்.

இன்னொண்ணு, ராத்திரிக்குன்னு ஒரு காஞ்ச செட் தனியா பிளாஸ்டிக் கவர்ல. என்ன ஆனாலும் அதைப் பகல்ல போடாதே. மறுநாள் சாக்ஸை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வெச்சுத் தூங்கு.

காரமடைக்காரன்:
அண்ணன் வந்துட்டேன். இப்ப முடிவு பண்ணது: பாலியஸ்டர் முழுக்கை மூணு, அதே துணியில கீழ ரெண்டு, மெல்லிசு ஃப்ளீஸ் ரெண்டு, அக்குள் ஜிப் வெச்ச ஷெல் ஒண்ணு, டிரெக் பேன்ட் ஒண்ணு, ஸ்கீ பேன்ட் ஒண்ணு, ஊட்டி ஜெர்கின், கையுறை ரெண்டு வகை, சாக்ஸ் நாலு ஜோடி. தெர்மல் தூங்க. ஜீன்ஸ் டேராடூன் வரைக்கும். அம்மா ஸ்வெட்டரை விட்டுட்டுப் போனா வீட்ல சண்டை.

பனியன்_கம்பெனி:
அம்மா ஸ்வெட்டர் அசல் கம்பளி நூலா, அக்ரிலிக்கா? கம்பளியா இருந்தா ஒரு ஃப்ளீஸைக் குறைச்சுட்டு அதை எடுத்துட்டுப் போங்க. சும்மா பேச்சுக்குச் சொல்லலைங்க, நல்ல நடுத்துணி அது.

மலைக்குருவி:
கறுப்புக் கண்ணாடியை விட்டுட்டீங்க. புதுப்பனி புற ஊதாக் கதிரை 80 சதம் வரைக்கும் திருப்பி அனுப்பும், உயரத்துல அது இன்னும் கூடும். ஒரு நாள் கண்ணாடி இல்லாம நடந்தா ராத்திரி கண்ணுக்குள்ள மணல் கொட்டின மாதிரி இருக்கும். யுவி 400 போட்டதா பாருங்க. மூக்குக்குக் கீழயும் தாடைக்குக் கீழயும் சன்ஸ்க்ரீன், கதிர் கீழே இருந்துதான் வரும்.

ஷூவுக்கு அடியில வழுக்காம மாட்டுற ஆணிப்பட்டை மைக்ரோஸ்பைக், ஷூவுக்குள்ள பனி போகாம கால்ல கட்டுற கெய்ட்டர் ரெண்டையும் சாங்க்ரியிலயே வாடகைக்கு எடுக்கலாம், இங்கிருந்து தூக்கிட்டுப் போக வேண்டாம். அவுலிக்கு அடிவார ஊரான ஜோஷிமட்ல இருந்து ரோட்டுலதான் போகணும்னு வெச்சுத் திட்டம் போடுங்க. 2023 ஜனவரியில அங்க நிலம் புதைய ஆரம்பிச்சப்போ ரோப்வேயை நிறுத்தினாங்க.

காரமடைக்காரன்:
கண்ணாடி குறிச்சுக்கிட்டேன். ஸ்வெட்டர் அசல் கம்பளிதானுங்க, எடுத்துட்டுப் போறேன். கடைசியா ஒண்ணு. மங்கி கேப்பைப் பத்தி யாருமே பேசலை. அதுக்கு அனுமதி உண்டா?

முன்னாள்_சிப்பாய்:
ஸ்கீ ஹெல்மெட்டுக்குள்ள அது போகாது தம்பி. மெல்லிசா ஒரு பாலக்ளாவா (தலை, முகம், கழுத்தை ஒட்டி மூடுற உறை) வாங்கிக்க. மங்கி கேப்பை டென்ட்ல தூங்குறப்போ போட்டுக்க, அங்க உன்னைப் பார்த்துச் சிரிக்கிறவனும் அதையேதான் போட்டிருப்பான்.